ஒரு சாண் தூரம்

எனக்கு மூக்கு மேல கோவம் வரும்னு எங்க கண் பிரிவு முழுக்கத் தெரியும். வராம என்ன செய்யும்? காலையில எட்டு மணிக்குச் சொட்டு மருந்து பாட்டிலைக் கையில எடுத்தா, மத்தியானம் வரைக்கும் "அண்ணாந்துக்கோங்க, கண்ணை மூடாதீங்க, கசக்காதீங்க" இதேதான். நான் சொல்லி வாயை மூடுறதுக்குள்ள கசக்கிடுவாங்க. என் பேரு யாருக்கும் ஞாபகம் இல்ல. டாக்டர்லேர்ந்து தரை துடைக்கிறவங்க வரைக்கும் எல்லாருக்கும் நான் சொட்டக்காதான்.

எங்க இடத்துல ஒரே ஒரு கண்ணைப் பார்க்க ஆறேழு பேர் இருக்கோம். சுவத்துல மாட்டின எழுத்தை வாசிக்க வைக்கிறவரை வாத்தியார்னு கூப்பிடுவோம். கண்ணோட நீளத்தை மெஷின்ல அளந்து, எந்த நம்பர் லென்ஸ் வைக்கணும்னு கணக்குப் போடுறவர் சட்டைப் பையில எந்நேரமும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் வச்சிருப்பார். அதனால அவர் பேரே ஸ்கேல். ஆபரேஷனைப் பத்தி விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குற கவுன்சிலர் பொண்ணு, எவ்வளவு பயந்தவங்களையும் சிரிக்க வச்சு அனுப்பிடும். அதுக்கு நாங்க வச்ச பேரு சமாதானம். அப்புறம் டாக்டர். இவங்க எல்லாரும் ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கண்ணைப் பார்ப்பாங்க. நான் ஒருத்திதான் ஆளைப் பார்க்கிறேன். ஏன்னா சொட்டு விட்டப்புறம் கண்பாப்பா விரியறதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அது வரைக்கும் பெஞ்சுல உக்காரணும். கண்ணும் தெரியாது, பொழுதும் போகாது. மனுஷங்க வேற என்னதான் செய்வாங்க? பேசுவாங்க.

அப்படித்தான் போன செவ்வாய்க்கிழமை லென்ஸ் அளவு எடுக்க வந்த ஒரு அம்மா பேச ஆரம்பிச்சாங்க. ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். கனமான சோடாபுட்டிக் கண்ணாடி. இடது கண்ணு சின்ன வயசுலயே அடிபட்டுப் போனது. வலது கண்ணுல புரை முத்திப்போய் வெள்ளையா இருந்துச்சு. இருக்கிறது அந்த ஒரு கண்ணுதான்.

"வீட்ல யாரும்மா இருக்காங்க?"ன்னு சும்மா கேட்டேன்.

"நானும் என் பொண்ணும். பொண்ணுக்கு இருபத்திநாலு வயசு. பிறந்ததுலேர்ந்து படுக்கைதான் சிஸ்டர். பேச்சு வராது. கை கால் அது இஷ்டத்துக்கு இழுக்கும்."

"ஐயோ பாவம்"னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்தம்மா முகம் சுருங்கிடுச்சு.

"பாவம் எல்லாம் இல்ல. சரியான வாயாடி அவ. கண்ணாலயே பேசுவா. அவ கண்ணு ரெண்டும் ஓயாம ஆடிக்கிட்டே இருக்கும் சிஸ்டர், இப்படியும் அப்படியும். நான் ரொம்பக் கிட்டப் போய் முகத்துக்கு நேரா ஒரு கேள்வி கேட்டா, ஆமான்னா அந்த ஆட்டம் ஒரு நொடி நிக்கும். இல்லைன்னா இமையை இறுக்கி மூடிக்குவா. அவ்வளவுதான் எங்க பாஷை. அதுலயே சண்டை போட்டிருக்கோம், ஊர்வம்பு பேசியிருக்கோம். எங்க நாத்தனார் புடவை நல்லா இருக்கான்னு கேட்டா ஒரு நாளும் ஆமா சொன்னதில்ல."

நான் சிரிச்சுட்டேன். அந்தம்மாவும் சிரிச்சாங்க. அப்புறம் குரல் இறங்கிப் போச்சு.

"ஒரு வருஷமா எனக்கு அது தெரியல சிஸ்டர். புரை வந்ததுலேர்ந்து அவ கண்ணு இருக்கிற இடத்துல புகைதான் தெரியுது. கஞ்சி பிடிச்சிருக்கான்னு கேப்பேன். நானே ஆமான்னு வச்சுக்கிட்டு ஊட்டுவேன். குளிருதான்னு கேப்பேன். நானே இல்லைன்னு வச்சுக்குவேன். அவ ஒரு வருஷமா இல்ல இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்திருந்தா? யாருகிட்ட போய்ச் சொல்லுவா?"

என் வாய் சும்மா இருக்குமா? இருபது வருஷப் பழக்கம். பெஞ்சுல உக்கார்ற எல்லாருக்கும் சொல்றதையே சொன்னேன். "கவலையே படாதீங்கம்மா. ஆபரேஷன் முடிஞ்சு கட்டை அவுத்ததும் உங்க பொண்ணு முகம் பளிச்சுன்னு தெரியும். நான் கேரண்டி." ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு இந்தக் கேரண்டி கொடுக்கிறேன். என் நாக்குல சனி.

அடுத்த வியாழக்கிழமை அந்தம்மாவுக்கு ஆபரேஷன். வலது புருவத்துக்கு மேல பிளாஸ்டர் ஒட்டி, தலைக்குப் பச்சைத் தொப்பி போட்டுப் பெஞ்சுல உக்கார வச்சிருந்தாங்க. லிஸ்ட்ல மூணாவது ஆள். முதல் சொட்டு விட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு ரெண்டாவது விடப் போனப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"சிஸ்டர், நீங்க சொன்னதை அவகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். நாளைக்கு வந்து உன் கண்ணைப் பார்ப்பேன், எல்லாத்தையும் முதல்லேர்ந்து கேப்பேன்னு. சொன்னா சொன்னதுதானே?"

"சொன்னதுதான் போங்க"ன்னு சொல்லிக்கிட்டே ஃபைலைப் புரட்டினேன். சொட்டு விட்ட நேரத்தை எழுதணும். முதல் பக்கத்துல லென்ஸ் சீட்டு ஒட்டியிருந்துச்சு. 'தூரப் பார்வை. லென்ஸ் 11.'

அந்த வரியை ரெண்டு தடவை வாசிச்சேன்.

நான் சொட்டு விடுறவதான். ஆனா இருபது வருஷமா ஃபைலைப் புரட்டின கைக்கு இது கூடவா தெரியாது? சோடாபுட்டிக்காரங்களுக்கு ஒரு வரம் உண்டு. தூரம் ஒண்ணும் தெரியாது, ஆனா கண்ணாடியைக் கழட்டிட்டா மூக்குக்கு முன்னாடி இருக்கிறது நம்மளைவிட நல்லாத் தெரியும். அவங்களுக்குத் தூரத்துக்குன்னு லென்ஸ் வச்சா, தெருக்கோடி வரைக்கும் பளிச்சுன்னு தெரியும், அந்த வரம் போயிடும். கிட்ட பார்க்கத் தனியா ஒரு கண்ணாடி வேணும். இந்த லென்ஸ் வச்சா அந்தம்மாவுக்கு எதிர்வீட்டு ஜன்னல் கம்பி தெரியும். மகளோட கண்ணு தெரியாது.

"ஏம்மா, கிட்ட பார்க்கக் கண்ணாடி போட்டுக்கிட்டா உங்க பொண்ணுகிட்ட பேச முடியாதா?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

"கண்ணாடியா? அவ கைக்கு முதல்ல ஆப்புடுறது அதுதான் சிஸ்டர். வேணும்னு பிடுங்க மாட்டா, கை இழுக்குறப்ப மாட்டிக்கும். நாலு கண்ணாடி போச்சு. ஒரு தடவை கண்ணாடித் துண்டு அவ கன்னத்துலயே கிழிச்சிடுச்சு. அதுலேர்ந்து கழட்டி வச்சுட்டுத்தான் கிட்டவே போவேன்."

பாட்டிலை ட்ரேயில வச்சுட்டு நேரா சமாதானத்துக்கிட்ட போனேன்.

"நீ இந்தம்மாகிட்ட தூரமா கிட்டவான்னு கேட்டியா இல்லையா?"

"கேட்டேனே அக்கா. 'எனக்கென்ன தெரியும், நல்லாத் தெரிஞ்சாப் போதும்'னு சொன்னாங்க. எல்லாரும் தூரம்தானே எடுத்துக்கிறாங்க."

"எல்லாருக்கும் அக்கரைதான் வேணும். இவங்களுக்கு இக்கரைதான் வேணும். அதை யாரு கேட்டா?"ன்னு கத்தினேன். அது முகம் வாடிப் போச்சு. பாவம், அது மேல என்ன தப்பு? முக்கால் மணி நேரம் பக்கத்துல உக்காந்து கதையெல்லாம் கேட்டவ நான். கேட்டுட்டு, கேரண்டி கொடுத்துட்டு, டீ குடிக்கப் போனவளும் நான்தான். நியாயமாப் பார்த்தா என்னைத்தான் நான் திட்டணும். நமக்கு வாகா யார் முன்னாடி நிக்கிறாங்களோ அவங்களைத்தானே திட்டுறோம்.

ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல தரையில ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். வெளிச் செருப்போட அதைத் தாண்டக் கூடாது. இருபது வருஷத்துல நான் தாண்டினதில்ல. அன்னைக்கும் தாண்டல. கோட்டு மேலயே நின்னுக்கிட்டு, "டாக்டர், மூணாவது கேஸை நிறுத்துங்க!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். உள்ள யாரோ கிண்ணத்தைக் கீழ போட்டாங்க.

ரெண்டாவது கேஸ் முடிஞ்சு டாக்டர் கையுறையைக் கழட்டிக்கிட்டே வந்தார். முகமூடிக்கு மேல கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. அது போதும், நல்ல கோவம்.

"சொட்டக்கா, இதென்ன சந்தைக் கடையா?"

மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டார். கேட்டுட்டுத் தலையை ஆட்டினார்.

"லிஸ்ட் போட்டப்புறம் லென்ஸ் மாத்துறதில்ல. உங்களுக்கே தெரியும். கடைசி நிமிஷத்துல மாத்தப் போய்த்தான் தப்பு லென்ஸ் வைக்கிறது நடக்கும். இது அவங்களுக்கு இருக்கிற ஒரே கண்ணு."

"அதனாலதான் டாக்டர் சொல்றேன். ஒரே கண்ணுன்னா ஒரே வாய்ப்பு."

அவர் குனிஞ்சு கோட்டைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கோட்டைத் தாண்டி, தியேட்டர் உடுப்போடயே பெஞ்சு வரைக்கும் நடந்து வந்தார். நான் அப்படிப் பார்த்ததே இல்ல. திரும்ப உள்ள போக எல்லாத்தையும் மாத்திக்கிட்டு, மறுபடி முழங்கை வரைக்கும் கழுவணும்.

"அம்மா, நான்தான் டாக்டர். உங்க பொண்ணு கண்ணு எப்பவும் ஆடுமா, இல்ல கிட்ட வந்தா மட்டும் நிக்குமா?"

"கிட்ட போனாத்தான் டாக்டர். தள்ளி நின்னு கேட்டா நிக்கவே நிக்காது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அது உண்மைதான். சில பேருக்குக் கிட்ட இருக்கிறதை உத்துப் பார்க்கிறப்பதான் ஆட்டம் அடங்கும்." மறுபடி அந்தம்மாகிட்ட சொன்னார், "கிட்ட தெரியற மாதிரி லென்ஸ் வைக்கலாம். ஆனா ஒண்ணு, தூரம் மங்கலாத்தான் இருக்கும். ரோட்டுல எதிர்ல வர்ற ஆள் தெரியாது, பஸ் நம்பர் தெரியாது. அதுக்கு எப்பவும் கண்ணாடி போடணும். அப்புறம் ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு என்னைக் கேக்கக் கூடாது."

அந்தம்மா யோசிக்கவே இல்ல. "பஸ் நம்பரை யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க டாக்டர். என் பொண்ணு என்ன சொல்றான்னு நான் யாரைக் கேக்குறது?"

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாது. இவங்களை லிஸ்ட்ல கடைசிக்குப் போடுங்க. புது கணக்கு, புது சீட்டு, புதுக் கையெழுத்து. போர்டுல பழைய நம்பரை அழிச்சுட்டு எழுதணும். எல்லாத்தையும் ரெண்டு பேர் சரி பார்க்கணும். ஸ்கேலைக் கூப்பிடுங்க."

ஸ்கேல் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் நெத்தியைச் சொறிஞ்சார்.

"சரி, கிட்டன்னா எவ்வளவு கிட்ட? நாப்பது சென்டிமீட்டரா, முப்பதா, இருபதா? சும்மா கிட்டன்னா நான் எதைக் கணக்குல போடுறது?"

"சென்டிமீட்டர் எல்லாம் எனக்குத் தெரியாதுங்க"ன்னாங்க அந்தம்மா. "சிஸ்டர், நீங்க கொஞ்சம் இப்படி வாங்களேன்."

நான் அவங்களுக்கு முன்னாடி முட்டி போட்டு உக்காந்தேன். சொட்டு விட்ட கண்ணு, என்னைப் பார்க்க முடியாது. காத்துல தடவித் தடவி என் ரெண்டு கன்னத்தையும் பிடிச்சாங்க. மெதுவா அவங்க முகத்துக்கிட்ட இழுத்தாங்க. கொஞ்சம் வலது பக்கமா என் தலையைச் சாய்ச்சாங்க. அந்தப் பொண்ணோட கழுத்து அப்படித்தான் சாஞ்சிருக்கும் போல. இன்னும் கொஞ்சம் கிட்ட. அவங்க மூச்சு என் மேல பட்டுது. கட்டைவிரலால என் கன்னத்துல ஒரு தட்டு தட்டினாங்க, மகளைத் தட்டுற மாதிரியே.

"இங்கதான். இந்த இடத்துலதான் அவ பேசுவா."

என் முகத்தை அப்படி ஒருத்தர் கையில ஏந்தி எத்தனை வருஷம் ஆச்சோ. எனக்கு எழுந்திரிக்கவே மனசு வரல. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அந்த நிமிஷம் அந்தப் பொண்ணு மேல எனக்குப் பொறாமையா இருந்துச்சு.

ஸ்கேல் பையிலேர்ந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, எங்க ரெண்டு பேர் கண்ணுக்கும் நடுவுல குறுக்கால பிடிச்சார். "அசையாதீங்க சொட்டக்கா. உங்களைச் சும்மா இருக்க வைக்க இதுதான் வழி போல" அப்படின்னார். அப்புறம் குரலை மாத்திக்கிட்டு, "இருபத்திமூணு. சரியா ஒரு சாண்"னு சொன்னார். போய்க் கணக்குப் போட்டுட்டு வந்து சீட்டை நீட்டினார். லென்ஸ் 17. அலமாரியில அந்த நம்பர்ல ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு.

சமாதானம் புது ஃபாரத்தை அந்தம்மாவுக்கு வரி வரியா வாசிச்சுக் காட்டுச்சு. கையெழுத்துப் போடுற இடத்துல நான் அவங்க விரலைக் கொண்டுபோய் வச்சேன். அன்னைக்கு எல்லாக் கேஸும் முடிஞ்சப்புறம் கடைசியா அந்தம்மாவை உள்ள கூட்டிட்டுப் போனாங்க. இருபது நிமிஷத்துல கண்ணுல கட்டோட வெளிய வந்துட்டாங்க. நான் வீட்டுக்குப் போய்ச் சோத்தைப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், இறங்கல.

மறுநாள் காலையில கட்டு அவுக்கிற வரிசை. முதல்ல ஒரு பெரியவர், வாத்தியார் காட்டின சுவத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் கடகடன்னு வாசிச்சார். அடுத்த ஆளும் கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் வந்துட்டார். எல்லாரும் கை தட்டாத குறை. மூணாவது அந்தம்மா.

வாத்தியார் குச்சியை மேல வச்சார். எல்லாத்துலயும் பெரிய எழுத்து அது. "'க' மாதிரி இருக்கு"ன்னாங்க. கரெக்ட். குச்சி அடுத்த வரிக்கு இறங்குச்சு. அந்தம்மா கண்ணைச் சுருக்கினாங்க. ஒண்ணும் வரல.

"ஒரே ஒரு எழுத்து"ன்னு வாத்தியார் நோட்டுல எழுதிக்கிட்டே உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு அந்தச் சுவருதான் உலகம்.

"சிஸ்டர், தப்பாயிடுச்சா?"ன்னு அந்தம்மா நான் நின்ன பக்கம் திரும்பினாங்க.

"இல்லம்மா, இப்படித்தான் இருக்கும்"னு சொன்னேன். சொன்னேனே தவிர எனக்கே நம்பிக்கை இல்ல. இருக்கிற ஒத்தைக் கண்ணு. சொட்டு விடுறவ சொட்டு விட்டோமா போனோமான்னு இல்லாம, கணக்குல மூக்கை நுழைச்சு மாத்தச் சொன்னவ நான். ஸ்கேல் கணக்குல ஒரு சின்னப் பிசகு வந்திருந்தாக்கூட அந்தப் பாவம் என் தலையிலதான்.

அப்பத்தான் அந்தம்மாவைக் கூட்டிட்டுப் போக வந்த நாத்தனார் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தாங்க. புடவை என்னமோ நல்லா இல்லதான். நாற்காலியில, கழுத்து வலது பக்கமாச் சாஞ்சு, ஒல்லியா ஒரு பொண்ணு. சடை பின்னி விட்டிருந்தாங்க. கண்ணு ரெண்டும் கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஓயாம ஆடிக்கிட்டு இருந்துச்சு.

அந்தம்மா எழுந்து ஓடப் பார்த்தாங்க. "குனியக் கூடாது!"ன்னு நான் போட்ட சத்தத்துல நின்னுட்டாங்க. நேத்துத்தான் ஆபரேஷன் முடிஞ்ச கண்ணு, குனிஞ்சா ஆகாது. டாக்டர் உக்கார்ற சுத்துற ஸ்டூலைக் கொண்டுவந்து, சுத்திச் சுத்தி உயரத்தை இறக்கி, நாற்காலிக்கு நேரா போட்டேன். உக்கார்ந்தா முகத்துக்கு முகம் சரியா வந்துச்சு. பொண்ணோட கை ரெண்டையும் நான் பிடிச்சுக்கிட்டேன், இழுத்துத் தாயோட கண்ணுல பட்டுடக் கூடாதேன்னு. சின்னக் கை, ஆனா நல்ல பலம்.

அந்தம்மா மகளோட கன்னத்தை ரெண்டு கையிலயும் ஏந்தினாங்க. ஒரு சாண் தூரத்துக்கு வந்தாங்க. அப்படியே நின்னுட்டாங்க.

"கன்னத்துல மச்சம் வந்திருக்கு"ன்னாங்க. "இது எப்ப வந்துச்சு? எனக்குத் தெரியவே தெரியாதே."

நான் பிடிச்சிருந்த மூச்சை விட்டேன். வாசல்ல ஸ்கேல் வந்து நிக்கிறார்னு அப்பத்தான் பார்த்தேன். அவர் பின்னாடி சமாதானம். வாத்தியார் குச்சியைக் கீழ இறக்கிட்டார்.

"தங்கம்"னு அந்தம்மா மெதுவாக் கூப்பிட்டாங்க. "ஒரு வருஷமா நீ சொன்னது ஒண்ணுமே எனக்குத் தெரியலடி. உனக்குப் பதிலா எல்லாத்துக்கும் நானே ஆமாம் போட்டுக்கிட்டேன். என் மேல கோவமா?"

பொண்ணு கண்ணு ஆடிக்கிட்டே இருந்துச்சு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். என் கையில அவ விரல் இறுகுச்சு. அப்புறம் அந்த ஆட்டம் நின்னுது. ஒரே ஒரு நொடி. பக்கத்துல இருந்த நானும் பார்த்தேன்.

"ஆமாங்கிறா!" அந்தம்மா கத்தின கத்துல வரிசையில இருந்த பெரியவர் எழுந்தே நின்னுட்டார். "சிஸ்டர், பார்த்தீங்களா? கோவமாம்! என் மேல கோவமாம்!" சிரிக்கிறாங்க, கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது. கோவம்னு சொன்னதுக்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல.

"கசக்காதீங்க! கையை எடுங்க!"ன்னு நான் வழக்கம்போலக் கத்தினேன். என் குரல் எனக்கே சரியா வரல. பஞ்சால அவங்க கன்னத்தை ஒத்தி எடுத்துட்டு, என் முகத்தைத் தோள்ல துடைச்சுக்கிட்டேன்.

அந்தம்மா மூக்கை உறிஞ்சிக்கிட்டு மறுபடி மகளோட முகத்துக்கிட்ட வந்தாங்க.

"ரொம்பக் கோவமா?"

பொண்ணு இமை ரெண்டையும் இறுக்கி மூடிக்கிச்சு.